சிகிச்சை முடிந்தும் சோர்வு போகவில்லையே?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ, ரேடியேஷன் முடிந்து 8 மாதம் ஆகிறது. நாலு பாத்திரம் கழுவினாலே உட்கார்ந்துவிடுகிறேன், ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. அஸ்வகந்தா சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இது சோம்பல் இல்லை அம்மா, வீட்டில் யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், படுத்தே கிடப்பதைவிட நடப்பதுதான் இந்தச் சோர்வைக் குறைக்கும். தெருமுனை வரை 10 நிமிடம் என்று தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். யோகாவும் உதவும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மாலைக் காபியையும் விடுங்கள். விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்த்தபடி புரளாமல், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது படுங்கள். அஸ்வகந்தாவை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அது தைராய்டு அளவை மாற்றக்கூடியது, டப்பாவையே எடுத்துப்போய் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.