மாளிகைமேடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்பத்துடன் கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தோம். கோயிலின் முன் நின்றபோது வந்த பெருமிதம், மாளிகைமேட்டில் தரையோடு தரையாகக் கிடக்கும் செங்கல் சுவர்களைப் பார்த்ததும் வடிந்துவிட்டது. ராஜேந்திரன் வாழ்ந்த அரண்மனை இப்படியா கிடக்க வேண்டும்? அரசு அதை மீண்டும் கட்டியெழுப்பினால் என்ன?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

கட்டக் கூடாது என்பதே என் எண்ணம். 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது செங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. மரச்சட்டத்தின்மேல் ஓடு வேய்ந்த கூரை என்பது வரை இவற்றைக்கொண்டு ஊகிக்கலாம். எத்தனை நிலை, எவ்வளவு உயரம் என்று கேட்டால் விடை இல்லை. இன்று எழுப்பினால், திரைப்படங்களில் நாம் பார்த்துப் பழகிய அரண்மனைதான் எழும். நம் பேரப்பிள்ளைகள் அதையே ராஜேந்திரனுடையது என்று நம்புவார்கள்.

கருங்கல் தெய்வத்துக்கு, செங்கல்லும் மரமும் மனிதருக்கு, அவர் அரசரே ஆனாலும், என்பது அக்காலக் கட்டட வழக்கம். எஞ்சி நிற்பதைக்கொண்டே பழங்காலத்தைக் கற்பனை செய்துகொள்ளும் நமக்குச் சோழர் காலம் என்றாலே விமானமும் மதிலும்தான் தோன்றுகின்றன. அந்தத் தலைநகரில் நெய்தவர்களும் உழுதவர்களும் குடியிருந்த தெருக்கள் தோன்றுவதே இல்லை. உங்கள் பெருமிதம் வடிந்த இடத்தில்தான், என் கணக்கில், மாளிகைமேடு தன் வேலையைச் செய்திருக்கிறது.

கல்லும் நிலைத்துவிடவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, அந்தக் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கருங்கற்களைக் கொண்டுபோனார்கள். இதைக் கேட்டால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால், முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரிக்கு இன்று வடவாறு வழியாக நீர் போவது அந்தக் கீழணையிலிருந்துதான். சோழர் மதிலின் கல் சோழர் ஏரியை நிரப்ப உதவுகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ராஜேந்திரன் வெட்டுவித்த சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்கிறது. இன்று பொன்னேரி எனப்படும் அந்த ஏரி, தூர்ந்து சுருங்கியிருந்தாலும், அடித்தளம் மட்டும் மிஞ்சிய அரண்மனையைப் போலன்றிப் பயன்பாட்டில் இருக்கிறது. அரசிடம் பணம் இருந்தால், மாளிகைமேட்டுச் சுவர்களை மழையிலிருந்து காக்க ஒரு கூரையையும், மீதியில் பொன்னேரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்துவதையும் நான் கேட்பேன்.