நரம்பு இழுத்துவிட்டதா? வாசகர் கேள்விகளுக்கு விளையாட்டு மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘நரம்பு’ பற்றியவை. அவற்றில் அசல் நரம்பு ஒன்றே ஒன்றுதான்.

கால்பந்தில் கடைசிப் பத்து நிமிடம் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்கிறது. என்ன மாத்திரை போடலாம்?

மாத்திரை வேண்டாம். இழுப்பது தசை. முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, 20-30 விநாடி அப்படியே பிடியுங்கள். வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். கடைசியில் மட்டும் வருவதால் பெரும்பாலும் களைப்புதான். பயிற்சியிலும் முழு நேரம் ஓடிப் பழகுங்கள்.

வேகமாக ஓடும்போது பின்தொடையில் ‘சுருக்’கென்றது. கோச் நரம்பு பிடித்துவிட்டது என்கிறார், டாக்டர் நரம்பில் ஒன்றுமில்லை என்கிறார். யாரை நம்புவது? நரம்பு ஊசி போடலாமா?

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். மைதானத்தில் இழுத்தால் வலிக்கிற எல்லாமே நரம்பு: தசை, டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்), ஜவ்வு எல்லாம் அதில் அடக்கம். டாக்டருக்கோ மூளை, தண்டுவடத்திலிருந்து உடம்புக்குச் சேதி கொண்டுபோய்க் கொண்டுவரும் இழை மட்டுமே நரம்பு. ‘நரம்பில் ஒன்றுமில்லை’ என்றதும் ‘காயமே இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மறுநாளே ஸ்பிரின்ட் ஓடுகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. உங்களுடையது ஹாம்ஸ்ட்ரிங் தசைக் கிழிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லேசானது 1-3 வாரம், பாதி கிழிந்தால் 4-8 வாரம், முழுசாக அறுந்தால் 3 மாதத்துக்கு மேல். அவசரப்பட்டால் அதே இடம் மறுபடி கிழியும்.

தசை வலி பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். விரலால் அழுத்தினால் அங்கேயே வலிக்கும். நரம்பு வலி கரண்ட் மாதிரி முழங்காலுக்குக் கீழே இறங்கும், மரத்துப்போகும். இரண்டு காலும் மரத்து, சிறுநீரும் வராமல் போனால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அடுத்து ஊசி. நீங்கள் சொல்லும் ‘நரம்பு ஊசி’ பி-காம்ப்ளெக்ஸ், இல்லையென்றால் பி12. குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. கிழிந்த தசையை அது ஒட்டவைக்காது. சிறுநீர் மஞ்சளாகப் போவதுதான் மிச்சம். தயவுசெய்து டாக்டரிடம் நரம்பு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எந்த இடம், எந்த அசைவில், சத்தம் கேட்டதா, வலி கீழே இறங்குகிறதா? இந்த நாலையும் சொன்னால் போதும்.

காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. ஜாகிங் போகலாமா?

இது மூன்றாவது ‘நரம்பு’: ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை. ஊசி ‘நரம்பில்’ போடுவதும் இதில்தான். ஜாகிங் போகலாம், ஆடுசதை வேலை செய்தால் ரத்தம் மேலேற வசதி. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

போட்டிக்கு முன் கை நடுங்குகிறது. நரம்புத் தளர்ச்சியா?

இல்லை, பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன். சும்மா இருக்கும்போதும் நடுங்கி, எடையும் குறைந்தால் தைராய்டு பாருங்கள்.

சைக்கிளில் ஒரு மணி நேரம் போனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன.

அசல் நரம்பு என்று முதலில் சொன்ன அந்த ஒன்று இதுதான். சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில் ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. சீட்டின் முனை கீழே சரிந்திருந்தால் உடம்பு எடை கைக்கு வரும், மட்டமாக்குங்கள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். ஜெல் க்ளவுஸ் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. விரல்களை விரிக்கும் பலம் குறைந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பாட்மின்டனில் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல ‘டப்’ என்றது. குதிகால் நரம்புதானே, நடக்கவும் முடிகிறது. விட்டுவிடலாமா?

வயது எழுதவில்லை, எத்தனை நாளாயிற்று என்றும் எழுதவில்லை! குதிகாலுக்கு மேலே இருப்பது அக்கிலிஸ் டெண்டன். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, ஒருவரை ஆடுசதையை அழுத்தச் சொல்லுங்கள். பாதம் அசையாவிட்டால் டெண்டன் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அசைந்தாலும் சந்தேகம் தீராது. மற்ற தசைகள் தாங்குவதால் அறுந்தவர்களும் நடப்பார்கள், அதனால்தான் இது தவறிப்போகிறது. வழித்துவிட யாரிடமும் போகாமல் இன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.