கையில் அனுமதி இருந்தால் புதுச் சட்டம் தொடாதா?

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். தந்தையின் சிகிச்சைக்காக நான்கு மாதங்களாக மதுரையில் இருக்கிறேன். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க காங்கிரஸில் மசோதா வரப்போகிறதாம். வெளிநாட்டில் நீண்ட நாள் தங்கித் திரும்புவோருக்கு முன்கூட்டியே தரப்படும் மறுநுழைவு அனுமதி இருந்தால் எந்தப் புதுச் சட்டமும் தொடாது, வாங்கித் தருகிறேன் என்று ஒரு முகவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அனுமதிக்கான ஐ-131 படிவத்தை விண்ணப்பதாரர் அமெரிக்காவில் இருக்கும்போதுதான் தாக்கல் செய்ய முடியும். மதுரையில் இருக்கும் உங்களுக்கு அதை வாங்கித் தருகிறேன் என்பவர் விதி தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லையேல் நீங்கள் அங்கே இருப்பதாகப் பொய்யெழுதத் துணிந்தவராக இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொள்வது கையொப்பமிட்ட நீங்கள்தான். இந்த ஒரு வரி விதியைப் படிவக் குறிப்புகளுக்கு நடுவே புதைத்து வைத்திருக்கும் அரசுத் துறையின் தயவில்தான் இத்தகையவர்கள் பிழைக்கிறார்கள்.

மசோதா வந்தவுடனேயே அது சட்டமாகிவிடாது. சீனத் தொழிலாளர் வருகையை 20 ஆண்டுகளுக்கு நிறுத்த கலிபோர்னியா செனட்டர் ஜான் மில்லர் 1882இல் முன்வைத்த மசோதா, மாசசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர் கடுமையாக எதிர்த்தும் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆனால் அதிபர் செஸ்டர் ஆர்தர் வீட்டோ செய்ததால், தடைக்காலம் 10 ஆண்டுகளாகக் குறைந்த பிறகே சட்டமானது. அவையில் எவரோ பேசியதைக் கேட்டு விமான டிக்கெட்டை மாற்ற வேண்டாம்.

"எந்தச் சட்டமும் தொடாது" என்பதோ பச்சைப் பொய். 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் வசித்த சீனத் தொழிலாளி சாய் சான் பிங், திரும்பி வருவதற்கான சான்றிதழை முறைப்படி பெற்றுக்கொண்டு 1887இல் சீனா சென்றார். அவர் திரும்பும் வழியில் கப்பலில் இருந்தபோதே, 1888 அக்டோபர் 1 அன்று, ஸ்காட் சட்டம் அத்தகைய சான்றிதழ்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. ஒரு வாரத்தில் துறைமுகத்தை அடைந்தவரை இறங்க விடவில்லை. 1889இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அரசு தந்த தாளை அரசே கிழிக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் ரத்தாகவில்லை.

உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. கிரீன் கார்டு உள்ளவரை இன்று விசாரணையின்றித் திருப்பியனுப்புவது எளிதன்று. அமெரிக்காவிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடுங்கள். ஓராண்டைத் தாண்டினால் அட்டை மட்டும் போதாது. அப்போதும் ஒரு விதிவிலக்கு உண்டு: புறப்படும்போதே திரும்பும் எண்ணம் இருந்தது, அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை, தாமதம் உங்கள் கட்டுப்பாட்டை மீறியது என்று மூன்றையும் நிரூபித்தால், அமெரிக்கத் தூதரகத்தில் திரும்பும் குடியிருப்பாளர் விசா கேட்கலாம். சிகிச்சை நீண்டது என்று வாயால் சொன்னால் போதாது. தேதியிட்ட மருத்துவமனை ஆவணங்கள், அமெரிக்காவில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு, அங்குள்ள வீட்டு வாடகை ரசீது ஆகியவை வேண்டும். அவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். முகவரிடம் பாஸ்போர்ட்டையோ அட்டையையோ கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.