நண்பர் வழியே விசுவாசம், நண்பரோடே திருமணம்: வாசகர் கேள்விகள்

பழைய நண்பர் ஒருவர் மூலம் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்து, அவரையே மணக்கவும் நினைப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இவை. பெயர்களை நீக்கியிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கல்லூரியில் உடன் படித்தவர். இருபது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் பேச ஆரம்பித்தோம். கஷ்டத்திலும் அவர் நிதானமாக இருப்பதைப் பார்த்து நானும் பைபிள் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். இப்போது அவர்மேல் காதலும் வந்துவிட்டது. என் விசுவாசம் உண்மையானதா, அவருக்காக வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

நண்பர் வழியாக வந்தது என்பதற்காகவே அதைச் சந்தேகப்பட வேண்டாம். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பிலிப்பு போய் நாத்தான்வேலை அழைக்கிறார். நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று அவர் கேட்க, பிலிப்பு வாதாடவில்லை. வந்து பார் என்றதோடு சரி. பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தினாரும் அவருடைய சொந்த ஊர் நண்பர் அலிப்பியுசும் கி.பி. 387-இல், பாஸ்கா (ஈஸ்டர்) இரவில், மிலான் ஆயர் அம்புரோசியாரிடம் சேர்ந்தே ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிலிப்பு கூட்டிக்கொண்டு போய் விட்ட பிறகு பேச்சு நாத்தான்வேலுக்கும் இயேசுவுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பிலிப்பு ஒதுங்கிவிடுகிறார். உங்கள் விஷயத்தில் அவர் ஒதுங்க இடம் இருக்கிறதா?

ஒரு ஆறு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அவர் போகும் ஆராதனைக்குப் போகாமல் வேறு நேரத்து ஆராதனைக்கோ வேறு ஆலயத்துக்கோ தனியாகப் போங்கள். தினமும் கால் மணி நேரம் ஜெபியுங்கள். என்ன ஜெபித்தீர்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்காமல் போதகரையோ பங்குத்தந்தையையோ மறைக்கல்வி ஆசிரியரையோ கேளுங்கள். இரண்டு விஷயம் தானாகத் தெரிய வரும். அவரோடு சண்டை போட்ட வாரத்தில் ஜெபமும் நின்றுபோகிறதா என்பது ஒன்று. அவருக்குத் தெரியாத, அவர் பாராட்ட வாய்ப்பே இல்லாத ஒரு காரியத்தில் நீங்கள் மாறியிருக்கிறீர்களா என்பது இன்னொன்று. பேச்சு நின்றுபோன அண்ணிக்கு நீங்களாகவே போன் செய்தது மாதிரி ஒன்று நடந்திருந்தால், அது வெறும் காதல் செய்யும் வேலையாகத் தெரியவில்லை.

இதில் அடிக்கடி கெடுவது எங்கே என்றால், ஒரே ஆள் ஆசிரியர், ஆன்ம வழிகாட்டி, காதலர் என்று மூன்று வேலையும் பார்ப்பதில்தான். அப்புறம் அவரோடு எந்தச் சின்னக் கருத்து வேறுபாடு வந்தாலும் கடவுளையே எதிர்ப்பதுபோல் தோன்றும். “நீதான் என் மனைவி என்று ஆண்டவர் எனக்குச் சொல்லிவிட்டார்” என்று அவர் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். ஆண்டவர் உங்களிடமும் சொல்லட்டும் என்று காத்திருப்பதில் எந்த அவிசுவாசமும் இல்லை.

கேள்வி: பைபிளை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். சிநேகிதியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நிறையப் பேர் நிற்கிற இடம் அது. பலிகளும் தீட்டு விதிகளும் யாருக்காக, எதற்காக என்று தெரியாமல் வாசித்தால் நகராது. மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பிறகு லூக்கா, அதன் தொடர்ச்சியான அப்போஸ்தலர் நடபடிகள், அதன் பிறகு யோவான். நடுநடுவே நாளுக்கு ஒரு சங்கீதம். இவ்வளவும் ஆன பிறகு ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்துக்கும் போனால் லேவியராகமம் இத்தனை மிரட்டாது. சிநேகிதி கத்தோலிக்கராக இருந்து அவருடைய பைபிளில் 73 புத்தகமும் உங்களுடையதில் 66-ம் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். தோபித்து, மக்கபேயர் முதலிய ஏழு பழைய ஏற்பாட்டு நூல்களைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, சீர்திருத்தச் சபைகள் ஏற்பதில்லை.

கேள்வி: என்னை விசுவாசத்துக்குக் கொண்டுவந்த நண்பரே எனக்கு ஞானத்தந்தையாக நிற்க ஆசைப்படுகிறார். நாங்கள் திருமணமும் செய்யப்போகிறோம் என்றதும் பங்குத்தந்தை வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறார். இதில் என்ன தப்பு?

பங்குத்தந்தை சொல்வது நல்ல யோசனை. சில சபைகளில் அது யோசனை மட்டுமல்ல, சட்டமும்கூட.

ஞானஸ்நானத்தின்போது துணையாக நிற்கும் ஞானப்பெற்றோருக்கும் அதைப் பெறுபவருக்கும் இடையே ஆன்மிக உறவு உண்டாகிறது, அவர்கள் மணக்கக் கூடாது என்பது மிகப் பழைய வழக்கம். இலத்தீன் ரீதிக் (ரீதி என்றால் வழிபாட்டு மரபு) கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தத் தடை இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் எடுத்துவிட்டார்கள். கீழைத் திருச்சபைகளில் எடுக்கவில்லை. சீரோ மலபார், சீரோ மலங்கரா போன்ற கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 811-ஆம் விதிப்படி, ஞானப்பெற்றோராக நின்றவருக்கும் ஞானஸ்நானம் பெற்றவருக்கும் நடக்கும் திருமணம் செல்லாது. விதிவிலக்கு வாங்கினால்தான் வழி. ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் இந்தத் தடை உண்டு. நண்பர் எந்த ரீதியைச் சேர்ந்தவர் என்று கேட்காமல் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டால், பிறகு திருமண விசாரணையில் அது முன்னால் வந்து நிற்கும்.

நீங்கள் இலத்தீன் ரீதியாகவே இருந்தாலும் இன்னொருவரைத் தேடுங்கள். 16 வயது நிரம்பியவராக, உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற கத்தோலிக்கராக, நற்கருணை வாங்குபவராக இருக்க வேண்டும்; தாயோ தகப்பனோ ஆகக் கூடாது. திருமணத்துக்குப் பிறகு கணவரிடம் சொல்ல முடியாத ஒரு விசுவாசப் பிரச்சினை வந்தால் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

கேள்வி: திருமணம் இரண்டு மாதத்தில். அதற்குள் ஞானஸ்நானம் வாங்கிவிடலாம் என்று பார்த்தால் ஒரு வருஷம் தயாரிப்பு என்கிறார்கள். சீக்கிரமாக முடித்துத் தரும் இடம் ஏதாவது உண்டா?

இருக்கும். போகாதீர்கள். கல்யாணத் தேதிக்காக வாங்கிய ஞானஸ்நானம் பிற்பாடு உங்களையே உறுத்தும். கோபத்தில் “உனக்காகத்தானே மாறினேன்” என்ற வார்த்தையும் வந்துவிடும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கான தயாரிப்பு திருவழிபாட்டு ஆண்டோடு சேர்ந்து நடக்கிறது. விசாரித்து அறியும் காலம், அதன்பின் மாதக்கணக்கில் மறைக்கல்வி. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயர் முன்னிலையில் தேர்வுச் சடங்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு உரியவர்களாக ஏற்பது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள், அதாவது மனத்தை ஆராய்ந்து தூய்மைப்படுத்தும் ஜெபங்கள். பாஸ்கா திருவிழிப்பு இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. நடுவில் புகுந்து குறுக்கே போகிற ஏற்பாடு அல்ல இது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் காலம் குறைவாக இருக்கலாம், ஆனாலும் பொறுப்பான போதகர் சில வாரமாவது வகுப்பு வைப்பார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஞானஸ்நானம் வாங்காமலே நீங்கள் அந்த ஆலயத்தில் மணக்கலாம். கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க மறைமாவட்ட ஆயரிடமிருந்து விதிவிலக்கு வேண்டும். பங்குத்தந்தை விண்ணப்பித்து வாங்கித் தருவார். தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கொடுத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதிவிலக்கு இல்லாமல் நடந்தால் திருமணமே செல்லாது என்பதால் தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். சடங்கு பெரும்பாலும் திருப்பலி இல்லாமல் நடக்கும். பின்னால் நீங்கள் நிதானமாகத் தயாராகி ஞானஸ்நானம் பெறும் நாளில் அதே திருமணம் அருட்சாதனம் (கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கு) ஆகிவிடும், மறுபடி தாலியோ மோதிரமோ மாற்ற வேண்டாம்.

மற்றச் சபைகளில் பல இதற்குச் சம்மதிக்காது. இருவரும் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகளாக இருந்தால்தான் நடத்துவோம் என்பார்கள். அப்படியானால் தள்ளிப்போட வேண்டியது திருமணத் தேதி.

கேள்வி: எனக்கு முதல் திருமணம் எங்கள் மத முறைப்படி நடந்து, விவாகரத்தும் ஆகிவிட்டது. நண்பர் மனைவியை இழந்தவர், கத்தோலிக்கர். அவர் பக்கம் சிக்கல் இல்லை, என் பக்கம்தான் இருக்கிறது என்கிறார்கள். நான் அப்போது கிறிஸ்தவளே இல்லையே?

அவர் பக்கம் மனைவியின் இறப்புச் சான்றிதழ் போதும். சாவோடு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது என்று பவுல் ரோமர் 7-ஆம் அதிகாரத்தில் தெளிவாகவே சொல்கிறார்.

உங்கள் பக்கம் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாத இருவரின் திருமணத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை மெய்யான திருமணமாகவே மதிக்கிறது. அதை ஒரு மரியாதை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மரியாதையின் மறுபக்கம், நீதிமன்ற விவாகரத்து மட்டும் அதை இல்லாமல் ஆக்கிவிடாது. உங்களுக்கு இரண்டு வழி இருக்கலாம்.

ஒன்று, 1 கொரிந்தியர் 7-ஐ ஒட்டிய பவுலின் சலுகை. ஞானஸ்நானம் பெறாத இருவர் மணந்து, பின்பு ஒருவர் ஞானஸ்நானம் பெற்று, மற்றவர் ஞானஸ்நானமும் பெறாமல் இணக்கமாகச் சேர்ந்து வாழவும் விரும்பாமல் பிரிந்துவிட்டால், புதுத் திருமணம் நடக்கும் அந்தக் கணத்தில் பழைய கட்டு அவிழ்கிறது. இதற்கு முன்னாள் கணவரிடம் முறைப்படி கேள்வி அனுப்புவார்கள்: ஞானஸ்நானம் பெற விருப்பமா, இல்லையென்றால் சமாதானமாகச் சேர்ந்து வாழச் சம்மதமா என்று. அவருடைய முகவரியைக் கொடுக்கத் தயங்கி இந்த இடத்தில் மாதக்கணக்காக நின்றுபோகிறவர்கள் உண்டு. அவர் பதிலே தராவிட்டாலும் வழி இருக்கிறது. முகவரியை மறைத்தால்தான் சிக்கல்.

இன்னொன்று, முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியாகவில்லை என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் அறிவிப்பது. கட்டாயத்தாலோ பயத்தாலோ சம்மதித்தது, முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றியது, திருமணத்தின் கடமைகளை ஏற்கும் மனநிலையே இல்லாதது போன்றவை காரணங்கள். உங்கள் வாக்குமூலமும் அந்தக் காலத்தில் உங்களை அறிந்த சாட்சிகளும் வேண்டும். முதல் நிலை விசாரணை ஓராண்டைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். முன்பு இரண்டாவது தீர்ப்பாயமும் ஒத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்.

எந்த வழி உங்களுக்கு என்பது காகிதங்களைப் பார்த்தால்தான் தெரியும். திருமண ஏற்பாட்டுக்கு முன், ஞானஸ்நான வகுப்பில் சேரும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மண்டபம் பிடித்த பிறகு சொல்வதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு.

கேள்வி: நான் விசுவாசி. பள்ளிக்கூடச் சிநேகிதன் எனக்காகவே சபைக்கு வருகிறான். திருமணத்துக்குப் பிறகு முழுதாக மாறிவிடுவான் என்று நம்பலாமா?

நம்பிக்கையை வைத்துத் திருமணத்தை முடிவு செய்ய வேண்டாம். கணவனை இரட்சிப்பாயோ உனக்கு எப்படித் தெரியும் என்று பவுல் கேட்பது ஏற்கெனவே மணமானவர்களைப் பார்த்து. அதை மணக்கப் போகிறவர்கள் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவன் இன்று எப்படி இருக்கிறானோ அப்படியே முப்பது வருஷம் இருந்தால் உனக்குச் சம்மதமா? ஞாயிற்றுக்கிழமை, காணிக்கை, பிள்ளைகளின் ஞானஸ்நானம், அவன் வீட்டுச் சடங்குகள் என்று நான்கையும் தனித்தனியாகப் பேசி, அவன் சொன்ன பதிலை எழுதி வைத்துக்கொள். “பார்த்துக்கலாம்” என்பது பதில் ஆகாது.

கேள்வி: குழந்தையிலேயே எனக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அவர் பெந்தெகொஸ்தே, மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்கிறார்.

அவர் சபையின் பார்வையில் அது மறுபடியல்ல, முதல் தடவை. சுயமாக விசுவாசித்தபின் எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்பார்கள். கத்தோலிக்கருக்கும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளுக்கும் தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு தடவை கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப இல்லை. இரண்டு கொள்கையில் எதை ஏற்கிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல், சண்டை வேண்டாம் என்று தண்ணீரில் இறங்காதீர்கள். எப்படியானாலும் குழந்தையில் எடுத்த சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: திருமணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புது ஞானஸ்நானச் சான்றிதழ்தான் வேண்டும் என்கிறார்களே, பழையது கையில் இருக்கிறதே?

ஒருவர் மணந்தால் அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் ஓரமாகக் குறித்து வைப்பார்கள். புது நகல் எடுத்தால் அந்தக் குறிப்பும் சேர்ந்து வரும். அவர் இதற்குமுன் எங்காவது மணந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் புதியதைக் கேட்கிறார்கள். தூரத்துப் பங்கிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். ஓலை வாசிக்க (ஆலயத்தில் திருமண அறிவிப்பு சொல்ல) தொடங்கும் முன்பே எழுதிப் போடுங்கள்.