அப்பலூசாவா, குவார்ட்டர் குதிரையா: நிறத்துக்கு எது, இனவிருத்திக்கு எது, பந்தயத்துக்கு எது?

நிறத்துக்காக, புள்ளி உடலுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க இனமான அப்பலூசா வாங்கலாமா, அல்லது இன்னொரு அமெரிக்க இனமான குவார்ட்டர் குதிரை வாங்கி அதனோடு கலந்து புள்ளிக் குட்டி எடுக்கலாமா, இரண்டில் எது வேகமாக ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்களின் எல்லையிலுள்ள பலூஸ் பகுதியில் ஆறு ஆண்டுகள் வசித்தேன். பக்கத்துப் பண்ணையில் இரண்டு இனமும் இருந்தன; காலையில் உலர்புல் போடுவதில் நானும் கைகொடுப்பேன்.

பந்தயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் ஐயத்துக்கே இடமில்லை. குவார்ட்டர் குதிரைக்கு அப்பெயர் வந்ததே கால் மைல் ஓட்டத்தால்தான். அந்த 440 கஜத்தை, அதாவது ஏறத்தாழ 402 மீட்டரை, தேர்ந்த குதிரைகள் 21 விநாடிகளுக்குள் கடந்துவிடுகின்றன. கிண்டியில் ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடும் தரோபிரெட் குதிரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பந்தயமாகவே தோன்றாது. கதவு திறந்த நொடியில் பின்னங்கால் சதையின் வலிமை முடிவைத் தீர்மானித்துவிடும். அப்பலூசாவுக்கும் தனிப் பந்தயங்கள் உண்டு. ஆனால் அவற்றில் முன்னே வரும் குதிரைகளின் வம்சாவளியைப் புரட்டினால் குவார்ட்டர் இரத்தமும் தரோபிரெட் இரத்தமுமே மிகுதியாகத் தென்படும்.

அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அப்பலூசாவின் மூதாதைகள், நெஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கப் பழங்குடியினர் பேணி வளர்த்த குதிரைகள்; அம்மக்கள் அமெரிக்கப் படையுடனான 1877-ஆம் ஆண்டுப் போரில் தோற்றபின் அவை பறிபோய்ச் சிதறின. 1938-இல் தொடங்கப்பட்ட அப்பலூசா சங்கம் எஞ்சியவற்றைக் கொண்டு இனத்தை மீட்டபோது வெளியினக் கலப்பை அனுமதித்தது. குவார்ட்டர், தரோபிரெட், அரபு ஆகிய மூன்று இனங்களோடு கலப்பது இன்றும் பதிவேட்டில் ஏற்கப்படுகிறது. ஆகவே இன்றைய அப்பலூசா பலவும், தோலை நீக்கிப் பார்த்தால், மாடு மேய்க்கும் குவார்ட்டர் குதிரையின் உடற்கட்டுத்தான்.

நிறத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. எல்பி எனப்படும் ஒரே மரபணு மாற்றம் புள்ளிகளையும், மூக்கைச் சுற்றிய திட்டுத் தோலையும், மனிதக் கண்போல் வெளியே தெரியும் வெள்ளை விழியையும், குளம்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளையும் தருகிறது. வெண்மை எவ்வளவு பரவும் என்பதை வேறு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. எல்பியின் ஒரு பிரதி மட்டுமுள்ள, அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற அப்பலூசாவைப் புள்ளியற்ற குவார்ட்டரோடு சேர்த்தால் அம்மரபணு குட்டிக்கு வர வாய்ப்புப் பாதிக்குப் பாதி. இரண்டு பிரதிகள் உள்ளதைச் சேர்த்தால் எல்லாக் குட்டிகளுக்கும் வரும்; இருந்தும் அத்தகைய பொலிகுதிரை பெரும்பாலும் புள்ளியே இல்லாமல் வெளுத்திருப்பதால், முதன்முறை வாங்குபவர் அதைக் கண்டு முகம் சுளிப்பார். புள்ளியோடு பிறந்ததும் அப்படியே இருந்துவிடுவதில்லை. ஆண்டுகள் ஏற ஏற உடல் நரைத்து உருமாறும் குட்டிகள் உண்டு.

விலைப் பட்டியலில் யாரும் எழுதாத ஒன்றும் இருக்கிறது. அந்த மரபணு விழித்திரையிலும் வேலை செய்கிறது. இரண்டு பிரதிகள் உள்ள குதிரைக்குப் பிறவியிலேயே இரவில் கண் தெரியாது. பண்ணையில் இருந்த வெளுத்த பெட்டை ஒன்று, பகலில் தயக்கமின்றிச் சென்ற அதே லாய வாசலில், அந்தி மங்கியதும் நின்றுவிடும். தலையைத் தாழ்த்தி, காதுகளை முன்னும் பின்னும் திருப்பி, நான் குரல் கொடுத்த பிறகே ஒரு காலை எடுத்து வைக்கும். பிடிவாதம் என்று எண்ணி முதல் மாதம் முழுவதும் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்து பார்வையைக் கெடுக்கும் கண் அழற்சியும் அப்பலூசாவில் மற்ற இனங்களைவிட அதிகம்.

குவார்ட்டர் குதிரையும் பழுதற்றதன்று. இம்ப்ரெசிவ் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் வழியில் வந்த தசைநடுக்க நோய், கலப்பின் மூலம் அப்பலூசாவுக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஆதலால் நீங்கள் எண்ணும் கலப்புக்கு இருபுறமும் மரபணுச் சோதனை தேவை.

என் தேர்வைக் கேட்டால், ஓட்டத்துக்குக் குவார்ட்டரை மட்டும் வாங்குவேன். புள்ளிதான் வேண்டுமென்றால், எல்பி ஒரு பிரதி மட்டுமே உள்ள அப்பலூசாவைப் புள்ளியற்ற குவார்ட்டரோடு சேர்ப்பேன். குட்டிகளில் பாதி புள்ளியில்லாமல் போகலாம், ஆனால் ஒன்றுக்கும் பிறவி மாலைக்கண் வராது. விற்பவர் நண்பகலில் வரச் சொன்னால், போய்விட்டு, இருட்டிய பிறகு இன்னொரு முறையும் சென்று பாருங்கள்.