வால்வுக்குள் வால்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 52. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். மாடு, பன்றி திசுவில் செய்த திசு வால்வு வைத்துக்கொள், பழுதானால் நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே புதியதை வைத்துவிடலாம் என்கிறார் நண்பர். நீங்களும் திசு வால்வு வைத்துக்கொண்டவர். அடுத்த வால்வைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யோசிக்கத்தான் வேண்டும். நான் டாக்டர் இல்லை, யோசிக்காமல் போய்ப் படுத்த ஆள்.

நண்பர் சொல்வது பொய்யில்லை. 2002ல் பிரான்சில் அலன் கிரிபியே கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக முதன்முதலில் ஒருவருக்கு வால்வு வைத்தார். இன்று பழுதான திசு வால்வுக்குள்ளேயே புதியதை விரித்துவிடுகிறார்கள். ஆனால் பழையதை வெளியே எடுப்பதில்லை. டம்ளருக்குள் டம்ளர் செருகுவது மாதிரிதான், வாய் சிறுத்துக்கொண்டே போகும். முதலில் வைத்தது 19 அல்லது 21 மில்லிமீட்டர் என்றால், அதற்குள் நுழைகிற வால்வு வழியாகப் போதிய ரத்தம் போகாமல் மறுபடியும் அதே மூச்சிரைப்பு வரலாம். என் பர்ஸில் இருக்கும் வால்வு அட்டையில் 21 என்று போட்டிருக்கிறது. அது என்ன எண் என்றே பல வருடம் எனக்குத் தெரியாது. செருப்புக்கு சைஸ் கேட்கிறவன் இதற்குக் கேட்கவில்லை!

அதனால் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: என்ன அளவு, எந்த மாடல், சிறியதுதான் பொருந்தும் என்றால் வால்வு உட்காரும் இடத்தைக் கீறி ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவீர்களா? நேரம் கூடும், எல்லாரும் செய்வதில்லை, அவர் செய்து பழகியவரா என்பதும் முக்கியம். அப்புறம் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய்களின் வாய் வால்வுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. புதியது விரியும்போது பழைய இதழ்கள் சுவரோரம் ஒதுங்கி அதை அடைத்துவிடக்கூடும்.

மெட்டல் வால்வு லேசில் தேயாது, ஆனால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனை. அதற்குள் இன்னொன்றைச் செருகவும் முடியாது. 2020ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் 50க்குக் கீழே பொதுவாக மெட்டல், 65க்கு மேலே திசு, நடுவில் பேசி முடிவெடுங்கள் என்கிறது. நீங்கள் நடுவில் மாட்டியிருக்கிறீர்கள். திசு வால்வு பத்துப் பதினைந்து வருடம், வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போகலாம். அப்படியென்றால் 65 வாக்கில் இரண்டாவது, 75ல் மூன்றாவதா? இந்தக் கணக்கை டாக்டர் முன்னால் உட்கார்ந்தே போட்டுவிடுங்கள்.

என்னுடையது இப்போது கசிய ஆரம்பித்திருக்கிறது. சில மாடல்களின் வளையத்தைப் பலூனால் உடைத்து இடம் பண்ணலாமாம், சிலவற்றில் முடியாதாம். என் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.