முன்திரையில் படம் ஓடவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

கார் டேஷ்போர்டுத் திரையில் படம் ஓடாதது குறித்து வந்த கடிதங்களில் நான்கை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இவற்றில் சில உண்மையான பழுதுகள். சில, உற்பத்தியாளரே வேண்டுமென்று வைத்த பூட்டுகள். எது எது என்று பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: என்னுடைய பழைய ஹேட்ச்பேக் காரில் வெளிக்கடை ஒன்றில் புதிய தொடுதிரை ஸ்டீரியோ பொருத்தினேன். பாட்டு, புளூடூத், ரிவர்ஸ் கேமரா எல்லாம் சரியாக இயங்குகின்றன. ஆனால் பென்டிரைவில் உள்ள படத்தைப் போட்டால், வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதுகூட ஒலி மட்டுமே வருகிறது. பாதுகாப்பு கருதிப் படம் காட்டப்படவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி திரையில் நிற்கிறது. ஒரு ஒயரை எர்த் செய்துவிட்டால் ஓடும்போதும் படம் வரும் என்கிறார் கடைக்காரர். செய்துகொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்த ஆங்கில வரி வருகிறது என்பதிலிருந்தே உங்கள் பென்டிரைவிலும் படக்கோப்பிலும் குறையில்லை என்று தெரிகிறது. ஹேண்ட்பிரேக் இழுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி ஸ்டீரியோவுக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் சிக்கல்.

இதன் இயக்கம் எளியது. ஹேண்ட்பிரேக் லீவரின் அடியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். லீவரை மேலே இழுத்ததும் அந்தச் சுவிட்ச் தன்னிடம் வரும் ஒயரை வண்டியின் பாடியோடு, அதாவது எர்த்தோடு, இணைக்கிறது. மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். வெளிக்கடைகளில் விற்கும் ஸ்டீரியோக்களின் பின்புறத்திலிருந்து வரும் ஒயர்க் கட்டில், இதே ஒயரோடு இணைப்பதற்கென்றே ஒரு தனி ஒயர் தரப்பட்டிருக்கும். பயனியர் நிறுவனத்தின் பிளேயர்களில் அது பெரும்பாலும் வெளிர் பச்சை நிறத்தில் இருக்கும்; மற்றவற்றில் நிறம் மாறும் என்பதால், நிறத்தை நம்பாமல் ஒயரின் மேல் ஒட்டியிருக்கும் 'பிரேக்' அல்லது 'பார்க்கிங்' என்ற சீட்டைப் பார்க்க வேண்டும். இந்த ஒயரைச் சுவிட்சுக்கு மின்சாரம் வரும் பக்கத்தில் இணைக்க வேண்டும் என்று பொருத்துதல் கையேடுகள் சொல்கின்றன. அவசரத்தில் வேலை செய்யும் கடைகளில் அதை இணைக்காமல், நுனியில் டேப்பைச் சுற்றி டேஷ்போர்டுக்குள் செருகிவிடுவது வழக்கமாக நடப்பதுதான். அப்படி விட்டால், வண்டி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகவே ஸ்டீரியோ எண்ணிக்கொள்ளும்.

ஆகவே, முதலில் இக்னிஷனைப் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பாருங்கள். மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கே எரியவில்லையென்றால், லீவரின் அடியிலுள்ள சுவிட்சோ அதற்கு வரும் ஒயரோ கெட்டிருக்கிறது. ஸ்டீரியோவைத் தொடவே வேண்டாம். விளக்கு எரிந்தும் படம் வரவில்லையென்றால், ஸ்டீரியோவின் பிரேக் ஒயர் எங்கே போகிறது என்று கடைக்காரரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் வைத்திருந்தால் இன்னும் எளிது: பாடிக்கும் அந்த ஒயருக்கும் இடையே, ஹேண்ட்பிரேக்கை விட்டிருக்கும்போது மின்னழுத்தம் காட்ட வேண்டும், இழுத்ததும் அது ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்க வேண்டும். இதுவும் சரியாக இருந்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு ஹேண்ட்பிரேக்கை ஒருமுறை விட்டுவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். சில பிளேயர்கள் ஒயர் தொடக்கத்திலிருந்தே எர்த்தில் இருந்தால் அதை நம்புவதில்லை. இழுப்பதும் விடுவதுமான மாற்றத்தைக் கண்டால்தான் பூட்டைத் திறக்கும். கடைக்காரரின் குறுக்குவழியை எதிர்பார்த்தே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இனி, அந்தக் குறுக்குவழி. வேண்டாம் என்பதே எங்கள் பதில். அறிவுரைக்காக மட்டும் சொல்லவில்லை. பல கார்களில் ஹேண்ட்பிரேக் விளக்கும், பிரேக் ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கும் ஒன்றே. ஸ்டீரியோ ஒயர் வண்டியின் ஒயரோடு இணைந்திருக்கும் நிலையில் அதை நிரந்தரமாக எர்த் செய்தால், அந்தச் சிவப்பு விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். பத்து நாளில் கண் அதற்குப் பழகிவிடும். உண்மையிலேயே பிரேக் ஆயில் கசிந்து தீர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது. எரிச்சல் தாங்காமல் அந்த விளக்கையே கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். ஒயரை முறையாகச் சுவிட்சில் சேர்க்கச் சொல்லுங்கள். நின்ற வண்டியில் படம் வரும். பொருத்தும்போதே செய்திருக்க வேண்டிய வேலை என்பதால் அதற்குத் தனிக்கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் வாங்கியிருப்பது புத்தம் புதிய கார்; திரையும் கம்பெனியே பொருத்தியது. நிற்கும்போது படம் ஓடுகிறது. வண்டி நகர்ந்த உடனே மறைந்து பாட்டு மட்டும் கேட்கிறது. முன்னிருக்கையில் மனைவியின் மடியில் இருக்கும் எங்கள் மூன்று வயது மகன் கார்ட்டூன் பார்த்தால்தான் அழாமல் வருவான். ஓட்டுபவன் நான், நான் திரையைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பதற்குமா தடை? சர்வீஸ் சென்டரில் இதைச் சரிசெய்து தர மறுக்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவர்கள் மறுப்பது சரியே, ஏனெனில் இங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை. கம்பெனி பொருத்திய திரைக்குத் தனியாகப் பிரேக் ஒயர் தேவைப்படுவதில்லை. வண்டியின் வேகம், கியர் நிலை, ஹேண்ட்பிரேக் நிலை ஆகிய யாவும் காருக்குள் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கேன்' என்ற இணைப்பின் வழியே அதற்கு வந்துவிடுகின்றன. சக்கரம் சுழல்கிறது என்ற செய்தி வந்ததும் திரை படத்தை மறைக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு: சிக்னலில் 'ஆட்டோ ஹோல்டு' வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பது பொதுவாகப் பார்க்கிங்காகக் கருதப்படாது, கியரை 'பி' நிலைக்குக் கொண்டுவந்தோ எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கைப் போட்டோதான் படத்தைப் பார்க்க முடியும். இதைப் பழுது என்று எண்ணிப் பலர் எழுதுகிறார்கள்.

உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ஓட்டுநர் வண்டியை ஓட்டும்போது வழிகாட்டும் தகவலுக்காக அன்றி வீடியோ எதையும் பார்க்கக்கூடாது என்கின்றன. அந்த ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். அதாவது, விதியின் சொற்கள் ஓட்டுநரின் கண்ணைப் பற்றியவை. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டிலிருந்து உள்ள விதி இதைவிடக் கறாரானது: ஓட்டுநர் நேராகவோ கண்ணாடிப் பிரதிபலிப்பிலோ காணக்கூடிய இடத்தில், வண்டியைப் பற்றியோ வழியைப் பற்றியோ அல்லாத படம் ஓடினாலே குற்றம், அவர் பார்த்தாரா இல்லையா என்ற கேள்வியே எழாது. பல நாடுகளுக்கும் சேர்த்துத் திரைகளை வடிவமைக்கும் உற்பத்தியாளர்கள் கடுமையான விதியையே அளவாகக் கொள்வது இயல்பு.

நடுவிலுள்ள திரை ஓடும்போது ஓட்டுநர் பார்ப்பதில்லை என்பதை எங்களால் ஏற்க இயலவில்லை. அசையும் ஒளி கண்ணை இழுக்கும். அதற்கு மனவுறுதி ஒரு பொருட்டல்ல. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கார்க் கருவியைக் கையாளும்போது ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மேல் நீளக்கூடாது என்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு நொடியில் கார் 33 மீட்டர் கடந்துவிடும். நம் ஊர்ச் சாலையில் அதற்குள் ஓர் ஆட்டோவும் ஒரு மாடும் குறுக்கே வந்து போயிருக்கும். டெஸ்லா கார்களில் வண்டி ஓடும்போதே முன்திரையில் விளையாட்டு ஆட முடிந்ததைப் பற்றி அதே அமைப்பு 2021 டிசம்பரில் விசாரணையைத் தொடங்கியது; சுமார் 5,80,000 கார்கள் அந்த விசாரணைக்குள் வந்தன; நிறுவனம் அந்த வசதியைப் பூட்டிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஆடுவதற்கு என்ற விளக்கம் அங்கேயும் சொல்லப்பட்டதுதான்.

பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் படம் காட்டும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் 2009இலேயே, ஒரே திரை ஓட்டுநருக்கு வரைபடத்தையும் அடுத்த இருக்கைக்குத் திரைப்படத்தையும் காட்டும் ஏற்பாடு வந்தது. பின்னர் வந்த இகியூஎஸ் காரில், பயணியின் திரையை நோக்கி ஓட்டுநரின் பார்வை திரும்புவதைக் கேமரா கண்டால் படம் மங்கிவிடும். நம் நாட்டிலும் மஹிந்திரா எக்ஸ்இவி 9இ போன்ற கார்களில் முன்பயணிக்கெனத் தனித்திரை வந்திருக்கிறது. அப்படிப்பட்ட தனி ஏற்பாடு இல்லாத உங்கள் காரில், பூட்டை உடைக்க இரண்டு வழிகளைக் கடைகளில் சொல்வார்கள். ஒன்று, கேன் இணைப்பின் இடையே செருகி வேகத்தை மறைக்கும் சிறு பெட்டி. வேகத்தைத் திரையிடமிருந்து மறைத்தால், அந்த வேகத்தை நம்பியிருக்கும் வழிகாட்டி வரைபடமும் தடுமாறும், வாரண்டிக்கும் வம்பு வரும். மற்றொன்று, யுஎஸ்பியில் செருகினால் யூடியூப் ஓடும் 'ஏஐ பாக்ஸ்'. ஐபோனைக் கார்த் திரையோடு சேர்க்கும் 'கார்பிளே' இணைந்திருப்பதாகக் காரை நம்பவைத்து அது உள்ளே நுழைகிறது. ஒயர் வெட்டப்படவில்லை என்பதைத் தவிர, ஆபத்திலும் சட்டத்திலும் வேறுபாடு இல்லை.

உண்மையில் உங்கள் கடிதத்தில் எங்களைக் கலங்கவைத்தது திரையல்ல, மடி. முன்னிருக்கையில் மடியில் இருக்கும் குழந்தைக்கு நேர் எதிரே ஏர்பேக் இருக்கிறது; மோதலில் அது விரியும் வேகம் குழந்தையின் தலையையும் கழுத்தையும் தாக்கும். பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிப் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தி, தாயாரும் அங்கேயே அமர்ந்து, முன்னிருக்கையின் பின்புறத்தில் ஒரு டேப்லெட்டை உறுதியாக மாட்டிவிடுங்கள். கார்ட்டூன் தடையின்றி ஓடும். முதல் சில பயணங்களில் மகன் அழத்தான் செய்வான்.

கேள்வி: வண்டி நிற்கும்போதும் சில படங்கள் மட்டும் வருவதில்லை, மற்றவை நன்றாக ஓடுகின்றன. எச்சரிக்கை வரி எதுவும் இல்லை. ஸ்டீரியோ கெட்டுவிட்டதா?
– வாசகி, சேலம்

பதில்: கெடவில்லை, கோப்புதான் ஒத்துவரவில்லை. ஹெச்.265 முறையில் சுருக்கிய படங்களையும் 4கே படங்களையும் பல கார் ஸ்டீரியோக்களால் திறக்க முடியாது. ஒலி மட்டும் வந்து படம் வராமல் போவதும் அதனால்தான். வீட்டுக் கணினியில் அவற்றை ஹெச்.264 முறைக்கும் 720பி அளவுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். பென்டிரைவையே கார் அறியவில்லையென்றால் அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அந்த முறையில் 4 ஜிபியை மிஞ்சும் ஒரு தனிக்கோப்பைப் பதிய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஜப்பானில் இருந்து இறக்கிய ரீகண்டிஷன் கார் ஒன்று வாங்கினேன். வண்டி நிற்கும்போது முன்திரையில் டிவிடி பார்த்துவந்தோம். கராஜில் பற்றரி மாற்றிய பிறகு திரையில் யப்பானிய எழுத்துகளும் ஓர் இலக்கமும் மட்டுமே நிற்கின்றன. அதற்கு முன்பும் சில டிவிடிகளை அது ஏற்றுக்கொண்டதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பற்றரி கழற்றப்பட்டதைத் திருட்டு என்று எண்ணி அந்தக் கருவி தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. டொயோட்டாவின் ஜப்பானிய நேவிகேஷன் பிளேயர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. திரையில் தெரியும் அந்த இலக்கத்துக்குப் பொருந்தும் திறப்புக் குறியீட்டை உள்ளிட்டால்தான் அது உயிர்பெறும். இறக்குமதி வாகனங்களின் ஓடியோ வேலை செய்பவரிடம் அந்த இலக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்துக் கொண்டுபோங்கள். தவறான குறியீடுகளை ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். வரைபடம் உள்ள எஸ்டி அட்டையைக் கராஜில் யாரேனும் கழற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வீட்டுக் கமராவுக்கு ஆகும் என்று அதை எடுத்துவிடுபவர்கள் உண்டு, ஆனால் அது இல்லாமல் இயங்க மறுக்கும் கருவிகள் பல.

டிவிடிகளைப் பொறுத்தவரை, ஒரு மண்டலத்துக்கான வட்டு மற்றொரு மண்டலத்தின் கருவியில் ஓடாதபடி உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஜப்பான் இரண்டாம் மண்டலத்தையும் இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் மண்டலத்தையும் சேர்ந்தவை. உறையின் பின்புறத்தில் சிறு உலக உருண்டைப் படத்துக்குள் 5 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அந்தக் கருவி அதை ஏற்காது. 'ஆல்' என்றிருந்தால் ஏற்கும். அதன் அருகே 'பால்' (PAL) என்ற வீடியோ முறையின் பெயர் எழுதியிருந்தாலும் சிக்கல் வரலாம், ஏனெனில் ஜப்பானிய டிவிடி கருவிகள் பின்பற்றுவது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையை. அடுத்த முறை பற்றரியைக் கழற்றும்போது, மின்னிணைப்பு அறுபடாதபடி வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே மாற்றச் சொல்லுங்கள். திறப்புக் குறியீடு கிடைத்ததும் அதைக் காரின் கையேட்டிலேயே எழுதி வையுங்கள்.